பதிவேட்டைத் திறந்துவிடுங்கள்: நாய் இனச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தாயும் தந்தையும் அந்த இனமாகப் பதிவாகியிருந்தால்தான் குட்டியைச் சேர்க்கும் நாய் இனப் பதிவேடுகளைப் பராமரிக்கும் சங்கங்களுக்கு வணக்கம்.

தந்தை-மகள், தாய்-மகன், கூடப்பிறந்தவை என்று இணை சேர்த்துப் பிறக்கும் குட்டிகளைப் பதிவதில்லை என்று பிரிட்டனின் கென்னல் கிளப் 2009இல் முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று யாரும் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நெருங்கிய உறவில் இணை சேர்ப்பதால் மட்டும் ஓர் இனத்திலுள்ள மரபணு வகைகள் அழிவதில்லை. ஒரே மூதாதையின் மரபணுப் பிரதி தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் குட்டிக்கு வந்து சேர்கிறது. கூடப்பிறந்த இரண்டுக்குப் பிறக்கும் குட்டியில் சராசரியாக 25 சதவீத மரபணு இடங்களில் இப்படி இருபுறமும் ஒரே பிரதி வந்துவிடும். அதுவரை மறைந்திருந்த பழுது அப்போது நோயாக வெளிப்படும். ஆனால் அந்தக் குட்டி வளர்ந்ததும் உறவே இல்லாத ஒரு நாயோடு சேர்த்தால், அடுத்த தலைமுறையிலேயே இது சரியாகிவிடும்.

சரியாகாதது வேறொன்று. கண்காட்சியில் வென்ற ஓர் ஆண் நாயையே எல்லோரும் தேடிப் போகிறார்கள். மற்ற ஆண் நாய்களின் மரபணுக்கள் வாரிசில்லாமல் போகின்றன. 1000 பெண் நாய்களோடு 10 ஆண் நாய்கள் மட்டும் சேர்ந்தால், மரபணு வகைகள் எவ்வளவு வேகமாகக் குறையும் என்று பார்க்கும் மரபியல் கணக்கில் அந்த இனத்தின் அளவு 1010 இல்லை, சுமார் 40தான். ஆண் நாய்கள் 50 என்றால் அது 190ஐத் தொடும். அந்த 40லேயே சில தலைமுறைகள் ஓடினால் எல்லாமே ஒன்றுக்கொன்று உறவாகிவிடும். அப்புறம் உறவில்லாத நாய்க்கு எங்கே போவது?

மாடுகளிலும் இதுதான் நடந்தது. 1962இல் பிறந்த 'சீஃப்' என்ற, ஹோல்ஸ்டீன் எனும் கறவை மாட்டினக் காளையின் விந்து, அதன் மகள்கள் பால் நிறையக் கறந்ததால், உலகெங்கும் போனது. கூடவே ஒரு பழுதான மரபணுவும் போனது. இருபுறமிருந்தும் அது வந்து சேர்ந்த கருக்கள் வயிற்றிலேயே இறந்தன. பல பத்தாண்டுகள் காரணம் தெரியவில்லை.

டால்மேஷியன் கதை உங்களுக்குத் தெரியும். யூரிக் அமிலத்தைக் கையாளும் ஒரு மரபணுவின் நல்ல வடிவம் அந்த இனத்தில் இல்லாமலே போய், சிறுநீர்ப் பாதையில் கல் வருவது சாதாரணமானது. நல்ல பிரதியே மிச்சமில்லாத இனத்துக்குள் என்னதான் கவனமாகத் தேர்ந்தெடுத்து என்ன பயன்? 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர், டால்மேஷியனை ஒரே ஒரு முறை பாயின்டர் என்ற வேறு இன நாயோடு கலந்தார். பிறகு வந்த தலைமுறைகளை டால்மேஷியனோடே சேர்த்தார். தோற்றம் திரும்பியது, நல்ல மரபணுவும் தங்கியது. ஆனாலும் இந்த வழிவந்த நாய்களுக்கு அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பதிவேடு திறந்தது 2011இல்தான். இனத் தூய்மை கெட்டுவிடும் என்ற பயத்தில் கடந்துபோன அத்தனை ஆண்டுகளில் வலியால் துடித்த நாய்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஐந்தாண்டுகளில் பதிவாகும் குட்டிகளில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரே ஆண் நாயுடையதாக இருக்கக் கூடாது என்பது பல நாட்டு நாய் இனச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்சிஐயின் பரிந்துரை. அதைக் கட்டாய விதியாக்குங்கள். ஒரு நோய்க்கு இனத்துக்குள் தீர்வில்லை என்று மரபணுச் சோதனை காட்டினால், மரபியலாளர் மேற்பார்வையில் வெளிக்கலப்புக்கு, அதாவது வேறு இன நாயோடு கலப்பதற்கு, அனுமதி கொடுங்கள். அதற்கு முன், கடந்த ஆண்டு பதிவான குட்டிகளுக்கு மொத்தம் எத்தனை ஆண் நாய்கள் தந்தை என்று எண்ணி, இனவாரியாக வெளியிடுங்கள். பதிவேடு உங்கள் கையில்தான் இருக்கிறது.

அக்கறையுடன்,
ஒரு நாய் வளர்ப்பவர்