குழந்தை நடிகர்களுக்கு ஏஜென்ட்: முன்பணம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘குழந்தை நட்சத்திரங்கள் தேவை, உடனே பதிவு செய்யுங்கள்’ என்ற விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்கும் பெற்றோர் ஏராளம். விளம்பரப் படங்களுக்கும் சினிமாவுக்கும் குழந்தைகளைத் தேர்வு செய்யும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம்.

குழந்தைக்கு நடிக்க வாய்ப்புத் தேடித் தருபவர்தான் ஏஜென்ட். நல்ல ஏஜென்டுக்கு வருமானம் ஒரே வழியில்தான் வரும். குழந்தைக்கு வேலை கிடைக்க வேண்டும், சம்பளம் வர வேண்டும், அதிலிருந்து அவர் கமிஷன் எடுத்துக்கொள்வார். அமெரிக்க நடிகர் சங்கத்தின் விதிகளுக்கு உட்பட்ட ஏஜென்ட் எடுப்பது 10 சதவீதம்; மாடலிங்கில் 20 வரை போவதுண்டு. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், இணையதளத்தில் படம் போடக் கட்டணம் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும், அங்கே நடப்பது வேறு வியாபாரம். பெற்றோரிடமே லாபம் வந்துவிடுவதால், வாய்ப்புக்காக நாலு இடம் ஏறி இறங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. கலிஃபோர்னியாவில் 2010 முதல் இப்படி முன்பணம் வாங்குவதே குற்றம்.

அதிகம் பணம் பறிபோவது போர்ட்ஃபோலியோ என்ற புகைப்பட ஆல்பத்தில்தான். கடைவீதியில் குழந்தையைப் பார்த்து, ‘முகவெட்டு அபாரம்’ என்று போன் நம்பர் வாங்குவார்கள். மறுநாள் ‘செலக்ட் ஆகிவிட்டது’ என்று அழைப்பு வரும். நேரில் போனால், ஆல்பம் இல்லாமல் யாரும் பார்க்க மாட்டார்கள், எங்கள் போட்டோகிராபரிடம்தான் எடுக்க வேண்டும், இன்றைக்குக் கட்டினால் சலுகை என்பார்கள். அந்த ஆல்பத்தால் பயன் இல்லை. ஆறு வயதில் முன்பல் விழுந்தாலே முகம் மாறிவிடும். சின்னக் குழந்தையின் படம் ஆறு மாதத்தில் பழசாகிவிடும்.

எங்களுக்குத் தேவைப்படுவது செல்போனில் எடுத்த மூன்று படங்கள்: சிரித்த முகம், சிரிக்காத முகம், தலை முதல் கால் வரை முழு உருவம். ஜன்னல் வெளிச்சம், வெறும் சுவர், குழந்தையின் கண் உயரத்தில் கேமரா, இவ்வளவு போதும். மேக்கப், ஃபில்டர், கூலிங் கிளாஸ் வேண்டாம். முடி நெற்றியை மறைக்கக் கூடாது. கூடவே வயது, உயரம், சட்டை அளவு, செருப்பு அளவு, சரளமாகப் பேசும் மொழிகள். உடையை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள் என்பதாலும், திரையில் அப்பா அம்மாவாக வருபவர்களோடு பொருந்த வேண்டும் என்பதாலும் உயரத்தைச் சரியாக எழுதுங்கள். ஒரு அங்குலம் கூட்டிச் சொன்னால் படப்பிடிப்பு நாளில் குழந்தைதான் வாடிப்போகும். பள்ளியின் பெயர், வீட்டு முகவரி எழுதவே வேண்டாம்.

ஏஜென்டைச் சோதிக்க, கடந்த ஓராண்டில் அவர் மூலம் குழந்தைகள் நடித்த மூன்று வேலைகளையும் அவற்றின் தயாரிப்பு நிறுவனங்களையும் கேளுங்கள். நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர் தரும் எண்ணில் அவருடைய ஆளே பேசக்கூடும். பெரிய இயக்குநர்களின் பெயரைச் சொல்லி ஏமாற்றுவதும் இப்படித்தான்.

இந்தியாவில் என்றால் இன்னொரு கேள்வி: ‘படப்பிடிப்புக்கு அனுமதி யார் வாங்குவது?’ 2017இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளின்படி, தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி பெற வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது; 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். தொழில் தெரிந்தவர் இதையெல்லாம் மடமடவென்று சொல்வார். ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். (ஜாக்கி கூகன் என்ற குழந்தை நடிகரின் சம்பாத்தியத்தை அவருடைய தாயும் மாற்றாந்தந்தையுமே செலவழித்த பிறகுதான், 1939இல் கலிஃபோர்னியா குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கச் சட்டம் போட்டது. ஆகவே இது பெற்றோருக்கும் சேர்த்துத்தான்.)

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். முதல் ஒப்பந்தம் ஓராண்டுக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்படும் என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். இத்தனை மாதம் வேலையே வராவிட்டால் விலகலாம் என்று எழுதி வாங்குங்கள். பெற்றோர் அதிகம் தவறவிடுவது படத்தைப் பயன்படுத்தும் உரிமையைத்தான். எந்த ஊடகத்தில், எந்த நாட்டில், எவ்வளவு காலம் என்று மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக’ என்று கையெழுத்திட்டால், குழந்தை கல்லூரிக்குப் போன பிறகும் அந்த முகம் ஏதோ ஒரு பொருளின் அட்டையில் இருக்கும், எதிர்க்க வழியிருக்காது.

ஆடிஷனுக்குக் கட்டணம் கிடையாது. பெற்றோர் கண்ணெதிரே குழந்தை இருக்க வேண்டும். ஓட்டல் அறைக்கு அழைத்தாலும், உள்ளாடையில் படம் கேட்டாலும், குழந்தையோடு தனியாக மெசேஜில் பேச முயன்றாலும் ஏஜென்டை மாற்றுவதோடு நிற்காமல் காவல்துறைக்குப் போங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய விளம்பரம் தருபவர்களிடம், ‘பெற்றோரிடம் எந்தக் கட்டணமும் வாங்கப்படாது’ என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மறுப்பவர்களின் விளம்பரத்தை வெளியிடாதீர்கள்.

இப்படிக்கு,
குழந்தை நடிகர் தேர்வுப் பணியில் உள்ளவர்கள்