டி.டி.கே.வை ஒரு வரியில் முடிக்காதீர்கள்: பாடக்குறிப்பு எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

போட்டித் தேர்வுகளுக்குத் தமிழில் பாடக்குறிப்பும் மாதிரி வினாத்தாளும் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் பதிப்பகத்தாருக்கும் வணக்கம்.

"முந்த்ரா ஊழலில் தண்டனை பெற்ற நிதியமைச்சர் யார்?" என்று அண்மையில் ஒரு மாதிரித் தாள் கேட்டிருந்தது. டி.டி.கிருஷ்ணமாச்சாரி என்று விடையும் அச்சிட்டிருந்தது. டி.டி.கே. தண்டனை பெறவே இல்லை, பதவி விலகினார். இந்தப் பிழை கைமாறிக் கைமாறி, நகலெடுத்து நகலெடுத்து ஊரெங்கும் போய்விட்டது. அடுத்த பதிப்பிலாவது திருத்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இதனால் அடிபடுபவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். கையில் உங்கள் குறிப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத தமிழ்வழி மாணவர்தான். விசாரணை அறிக்கையும் அரசியல் நிர்ணய சபை விவாதமும் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. நூலகமுள்ள ஊருக்குப் போக அவருக்குப் பேருந்துக் காசு வேண்டும். கூற்று, காரணம் கொடுத்துக் கேட்கும் வினாவில் "விலகினார்", "தண்டிக்கப்பட்டார்" என்ற ஒரு சொல் வேறுபாட்டில் ஒன்றரை மதிப்பெண் போகிறது. தரவரிசையில் அந்த ஒன்றரைக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உத்தேச விடையை மறுக்கச் சில நாள்களே அவகாசம். அதற்குள் சான்று காட்டவேண்டும். உங்கள் குறிப்பைச் சான்றாக யாரும் ஏற்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு பிழையைக் கொடுத்தவர் அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதுமில்லை.

நடந்ததை வரிசையாகச் சொன்னால் அரைப்பக்கம்தான் வரும். ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொடங்கி ஓராண்டு முடியவில்லை. 1957 ஜூனில், கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவுக்குப் பணமுடை நெருக்கிய வேளையில், அவருடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கேட்கவில்லை. டிசம்பர் 16 அன்று மக்களவையில் பெரோஸ் காந்தி இதைக் கிளப்பினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் மாணவருக்கு அதன் கனம் புரியும். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி.சாக்ளா தனியொருவராகப் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். நிதித்துறைச் செயலர் தம் ஒப்புதலின்றிச் செய்தார் என்றார் அமைச்சர் டி.டி.கே. தம் செயலர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார், அம்மாத இறுதியில் பட்ஜெட்டை நேருவே படிக்கவேண்டி வந்தது. அமைச்சர் பொறுப்பு என்னும் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான பாடம் உண்டா? இதைத்தான் "ஊழல்" என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டீர்கள்.

அடுத்த பிழை குக்கர். "பிரஷர் குக்கர் தயாரித்த தொழிலதிபர்" என்று ஒரு குறிப்பு சொல்கிறது. 1899இல் பிறந்த டி.டி.கே. 1928இல் சென்னையில் தொடங்கியது ஏஜென்சி. சோப்பு முதலான வெளிநாட்டுக் கம்பெனிச் சரக்குகளைத் தென்னிந்தியக் கடைகளுக்குக் கொண்டு சேர்க்கும் தொழில். 1937இல் சுயேச்சையாகச் சென்னை சட்டமன்றத்துக்குப் போனார், பிறகு காங்கிரசில் சேர்ந்தார். தொழில் குடும்பத்தின் கைக்குப் போயிற்று. 1952இல் மத்திய வணிக, தொழில் அமைச்சரானார். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது, அவர் நிறுவிய இறக்குமதி ஏஜென்சியே ஆட்டம் கண்டது. குடும்பம் உற்பத்திக்கு மாறியது அதற்குப் பிறகுதான். குக்கர் வந்தது 1950களின் கடைசியில். வணிகர் அமைச்சரானால் என்ன ஆகும் என்று கேட்கும் மாணவருக்கு இந்த ஒரு செய்தி பத்துப் பக்கத்துக்குச் சமம். அதை விட்டுவிட்டுக் குக்கரைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அரசியல் சட்ட வரைவுக்குழு பற்றியும் பிழை இருக்கிறது. 1947 ஆகஸ்டில் அமைத்த எழுவரில் டி.டி.கே. இல்லை. டி.பி.கைத்தான் 1948இல் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர். குழுவில் பலர் இல்லாமல்போக வேலைச்சுமை முழுவதும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பர் 5 அன்று சபையில் சொன்னவர் இவர். அதே உரையில்தான், முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பது ஐக்கிய மாகாண (இன்றைய உத்தரப் பிரதேச) நண்பர்கள் கையில் இருக்கிறது என்றும் எச்சரித்தார். தமிழில் எழுதும் நீங்கள் இதை எப்படி விட்டீர்கள்?

அவரைப் புகழ்ந்து எழுதுங்கள் என்று கேட்கவில்லை. ரிசர்வ் வங்கியை நிதியமைச்சகத்தின் ஒரு துறைபோல் நடத்தப் பார்த்தார். ஆளுநர் பெனகல் ராமராவ் 1957 ஜனவரியில் விலகினார். அதையும் எழுதுங்கள். பொருளியல் அறிஞர் கால்டர் பரிந்துரைத்த செல்வ வரியையும் செலவு வரியையும் 1957இல் கொண்டுவந்தவர் ஒரு வணிகர் என்பதையும் எழுதுங்கள். ரூபாய்க்கு நூறு என்ற நயாபைசா புழக்கத்துக்கு வந்த 1957 ஏப்ரல் 1 அன்று நிதியமைச்சர் இவர்தான். முந்த்ராவோடு அவர் கதை முடியவுமில்லை. 1962இல் திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றி மக்களவைக்குப் போனார், 1963இல் மீண்டும் நிதியமைச்சரானார். சிறுசேமிப்பாளரையும் பங்குச்சந்தைக்குள் கொண்டுவந்த யூனிட் டிரஸ்டும், தொழில் வளர்ச்சி வங்கியும் 1964இல் தொடங்கின. 1965 டிசம்பர் 31 அன்று இரண்டாம் முறை விலகினார். மகன்களின் தொழிலோடு தொடர்புபடுத்தி எழுந்த புகார்களில் நீதிபதி ஒருவரின் கருத்தைக் கேட்கப் பிரதமர் சாஸ்திரி விரும்பினார்; அதை இவர் ஏற்கவில்லை. இரண்டு விலகலையும் கலந்து ஒன்றாக்கிய குறிப்புகளும் புழக்கத்தில் இருக்கின்றன.

டி.டி.கே.வுக்கு மட்டுமா இந்தக் கதி? ஆர்.கே.சண்முகம் என்றால் முதல் பட்ஜெட், சி.சுப்பிரமணியம் என்றால் பசுமைப் புரட்சி. அவ்வளவுதான், நாட்டை நடத்திய மனிதர்களைப் பெயர்ப்பலகை ஆக்கிவிட்டீர்கள். சென்னையின் டி.டி.கே. சாலையில் அன்றாடம் போய்வரும் பிள்ளைக்கு அந்த மூன்று எழுத்தும் பேருந்து நிறுத்தமாகத்தான் தெரியும்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். உங்கள் உழைப்பால்தான் நகரத்துக்கு வெளியே பல வீடுகளுக்குப் பாடம் போய்ச் சேர்கிறது. அதனால்தான் உங்களிடமே கேட்கிறோம். அடுத்த பதிப்பு அச்சேறும் முன் "தண்டனை" என்ற சொல்லை எடுங்கள். 1928, 1937, 1948, 1958, 1965 ஆகிய ஐந்து ஆண்டுகளையும் வரிசையாக வைத்து ஒரு பக்கம் எழுதுங்கள். பழைய பிரதி வாங்கியவர்களுக்கு ஒரு திருத்தத் தாளைத் தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்வழித் தேர்வர்களின் பாடக்குறிப்பைத் திருத்தித் தரும் சிலர்