எதிர்கால வினைகளைப் பற்றி மகளுக்கு

திருவையாறு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஸ்பானிய மொழியின் எதிர்கால வினைமுற்றுகள் குழப்புகின்றன என்று நீ தொலைபேசியில் சொன்ன பிறகு, வீட்டில் நீ விட்டுச் சென்ற இலக்கண நூலை எடுத்து அந்தப் பாடத்தை நிதானமாகப் படித்தேன். பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தியவன் என்ற முறையில், எனக்குத் தெளிவானதை உனக்கு எழுதுகிறேன்.

பாடுதலைக் குறிக்கும் ‘கந்தார்’ என்ற வினையை எடுத்துக்கொள். நிகழ்காலத்தில் அதன் இறுதியிலுள்ள ‘ஆர்’ நீங்கிய பிறகே விகுதி சேரும். எதிர்காலத்திலோ எதையும் நீக்காமல் முழுச் சொல்லோடு விகுதியைச் சேர்த்தால் போதும். நான் பாடுவேன் என்பது கந்தரே, நீ பாடுவாய் என்பது கந்தராஸ், அவன், அவள், அவர் மூவருக்கும் கந்தரா, நாம் பாடுவோம் என்பது கந்தரேமோஸ், நீங்கள் பலர் பாடுவீர்கள் என்பது கந்தரெய்ஸ், அவர்கள் பாடுவார்கள் என்பது கந்தரான். ‘உஸ்தே’ என்று மரியாதையாக விளிக்கும் ஒருவரிடம் பேசும்போதும் கந்தரா என்றே சொல்ல வேண்டும். தமிழில் பாடுவேன் என்பதில் வகரமும் நடப்பேன் என்பதில் பகரமும் வருவதுபோன்ற வேறுபாடு அங்கு இல்லை. உண்ணுதலைக் குறிக்கும் கொமேர் கொமெரே என்றும், வாழ்தலைக் குறிக்கும் பிபீர் பிபிரே என்றும் அதே விகுதிகளை ஏற்கின்றன.

இந்த விகுதிகள் ‘அபேர்’ என்ற துணைவினையின் நிகழ்கால வடிவங்களிலிருந்து வந்தவை. நாம் ‘பாட இருக்கிறேன்’ என்று சொல்வதுபோல அவர்கள் பிரித்துச் சொன்னது, காலப்போக்கில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டது. நீ படிக்கும் சலமான்காவிலேயே 1492இல் வெளிவந்த காஸ்டிலிய, அதாவது ஸ்பானிய, இலக்கணத்தில் அந்தோனியோ தெ நெப்ரிஹா இதைக் குறித்திருக்கிறார் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்தது.

சொல்லை உச்சரிக்கும்போது எந்த அசையை அழுத்துகிறோம் என்பதில் மட்டும் மிகுந்த கவனம் வை. ஆறு வடிவங்களிலும் அந்த அழுத்தம் விகுதியின் மீதே விழும். கந்தரேமோஸ் தவிர மற்ற ஐந்திலும் அழுத்தக் குறியை எழுதியே ஆக வேண்டும். கந்தரா என்பதில் குறியை விட்டுவிட்டால் அது ‘கந்தார’ என்று ஒலித்து, விருப்பத்தையோ நிபந்தனையையோ சொல்லும் வேறொரு வினைவடிவமாகிவிடும்.

தமிழர்கள் தடுமாறக்கூடிய இடம் விகுதியில் இல்லை, பயன்பாட்டில் இருக்கிறது என்பதே என் எண்ணம். புஷ்ய பகுள பஞ்சமியன்று நம் ஊர்க் காவிரிக் கரையில் பஞ்சரத்னக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள் என்று நாம் சொல்வது வழக்கத்தை. வடிவம் எதிர்காலமானாலும் பொருள் ஆண்டுதோறும் நிகழ்வது. அதை ஸ்பானியத்தில் கந்தரான் என்றால் இனிமேல்தான் பாடப்போகிறார்கள் என்று பொருள்படும். அங்கு நிகழ்காலமான ‘கந்தான்’ வர வேண்டும். வரும் ஜூன் 12இல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள் என்ற எதிர்பார்ப்பைச் சொல்லும்போது மட்டும் ‘அப்ரிரான்’ என்று தயங்காமல் எழுதலாம்.

ஆனால் ஊகத்தில் இரு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. கடிகாரம் பாராமல் ‘மணி மூன்று இருக்கும்’ என்று நாம் சொல்வதை அவர்களும் எதிர்காலத்திலேயே ‘செரான் லாஸ் த்ரேஸ்’ என்கிறார்கள். அன்றாடப் பேச்சில் ‘பாடப்போகிறேன்’ என்பதற்கு நேரான ‘போய் அ கந்தார்’ என்பதே மிகுதியாகக் காதில் விழும் என்றாலும், இந்த ஊகப் பொருளுக்காகவேனும் ஒற்றைச்சொல் வடிவத்தை நீ நன்றாகப் பழக வேண்டும்.

தெனேர் என்பது தெந்த்ரே என்றும் அசேர் என்பது அரே என்றும் அடி திரியும் வினைகள் சில உண்டு. அவற்றிலும் விகுதி மாறாது என்பதால் அடிகளை மட்டும் மனப்பாடம் செய். விடுமுறைக்கு ஊருக்கு வந்து என்னென்ன செய்யப்போகிறாய் என்பதை, ஆறு வடிவங்களும் இடம்பெறுமாறு ஸ்பானியத்தில் எழுதி, கீழே தமிழிலும் எழுதி அனுப்பு. அம்மாவும் படிக்க ஆவலாக இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா