சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் அல்ல

ஆசிரியருக்கு,

அணையிலோ கடலிலோ மூழ்கியவரைத் தேடும் செய்தி வரும்போதெல்லாம் ‘ஆக்சிஜன் சிலிண்டருடன் வீரர்கள் இறங்கினர்’ என்றுதான் அச்சாகிறது. உங்கள் நாளிதழும் விலக்கல்ல. அவர்கள் முதுகில் இருப்பது பெரும்பாலும் நாம் சுவாசிக்கும் அதே காற்று, கம்ப்ரசரில் 200 பார் (அழுத்தத்தின் அலகு) வரை அடைத்தது. சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தபடி 20 மீட்டர் இறங்கினால் முன்னறிவிப்பே இல்லாமல் வலிப்பு வரலாம். வலிப்பில், மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிட்டால் அப்புறம் பிழைப்பது அபூர்வம்.

கரையில் ஏறத்தாழ ஒரு பார் இருக்கும் அழுத்தம், ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் இன்னொரு பார் கூடுகிறது. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, வேலை செய்யும்போது 1.4 பாரையும், அசையாமல் தங்கும்போது 1.6 பாரையும் தாண்டக் கூடாது என்பது டைவர்கள் கைக்கொள்ளும் வரம்பு. சுத்த ஆக்சிஜனுக்கு 6 மீட்டரிலேயே 1.6 வந்துவிடும். சாதாரணக் காற்று 1.4-ஐத் தொட 56 மீட்டர் போக வேண்டும்.

அதற்காக 56 மீட்டர் வரை காற்று போதும் என்று எண்ணிவிடக் கூடாது. 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் போதை ஏறத் தொடங்கும். டைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், நேரம் மனதில் பதியாது. இது பலருக்கும் தெரிந்ததுதான். காற்றின் அடர்த்தியை மட்டும் பேசுவாரில்லை. கரையில் லிட்டருக்கு 1.3 கிராம் இருக்கும் காற்று 40 மீட்டரில் 6 கிராமைத் தாண்டுகிறது. மூச்சை இழுத்து விடுவதே உழைப்பாகிவிடும். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் கார்பன் டை ஆக்சைடு உடலில் தேங்கி, திணறலும் பீதியும் போதையும் சேர்ந்தே தாக்கும். சிலிண்டரில் பாதிக் காற்று மிச்சமிருக்க ஒருவர் இறந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று என்றால் இன்னும் ஆழம் போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. நேர்மாறு. 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு எல்லை 33 மீட்டர். லாபம் கீழே தங்கும் நேரத்தில்தான்: 30 மீட்டரில் அதைச் சுவாசித்தால், 24 மீட்டரில் காற்றைச் சுவாசித்த அளவு நைட்ரஜனே உடலில் ஏறும். செலவும் அதிகமில்லை. காலி சிலிண்டரில் 28 பார் ஆக்சிஜன், மேலே 200 வரை காற்று. ஆனால் வால்வு, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) எதிலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது; ஆக்சிஜனை மெல்லத் திறந்து, மெல்லவே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் நிரப்பும் இடத்திலேயே தீப்பிடிக்கலாம்.

40 மீட்டருக்குக் கீழே உண்மையான தீர்வு ஹீலியம்தான். 1939-ல் 74 மீட்டரில் மூழ்கிய ஸ்குவாலஸ் என்ற அமெரிக்க நீர்மூழ்கியை மீட்கும் பணியில் காற்றைச் சுவாசித்தவர்கள் போதையில் தடுமாறினர். ஹீலியம்-ஆக்சிஜன் கலவைக்கு மாறிய பிறகே வேலை ஒழுங்காக நடந்தது. இன்று 60 மீட்டருக்கு வழக்கமான கலவை 18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம், மீதி நைட்ரஜன். இரட்டை 12 லிட்டர் சிலிண்டரில் 90 பார் ஹீலியம், 16 பார் ஆக்சிஜன், 94 பார் காற்று. அதாவது 2,160 லிட்டர் ஹீலியம். 60 மீட்டரில் நிமிடத்துக்கு 140 லிட்டர் வாயு செலவாகும் என்று வைத்தால், 17 நிமிடத்தில் பாதி தீர்ந்து குமிழியாகப் போய்விடும். ஹீலியத்துக்கு நாம் இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறோம். அந்தக் குமிழிகள் ஒவ்வொன்றும் காசு.

வெளிமூச்சைச் சுத்திகரித்துத் திரும்பத் தரும் ரீபிரீதரில் அதே கலவை 3 லிட்டர் சிலிண்டரில் 600 லிட்டர் இருந்தால் போதும். ஹீலியம் 270 லிட்டர்தான். ஆனால் கருவியின் விலை பல லட்சம். வெளிமூச்சைச் சுத்திகரிக்கும் சோடா சுண்ணாம்பு பழையதாகிவிட்டால் கார்பன் டை ஆக்சைடு தேங்கும், ஆக்சிஜனை அளக்கும் சென்சார் பொய் சொன்னால் ஆக்சிஜன் குறையும். இரண்டாவதில் மூச்சுத் திணறல்கூட இருக்காது. தூங்கிப் போவதுபோல் நினைவு தப்பும். ஹீலியம் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் கணக்குப் போட்டு இதை வாங்குவது தப்புக் கணக்கு. ஹீலியம் வாங்கக் கையில் பணமில்லையென்றால் 40 மீட்டரோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

படகில் கம்ப்ரசரை ஓட்டிக் குழாய் வழியே மூச்சுவிடும் சங்கு குளிப்பவர்களுக்கு இந்த ஹீலியம் பேச்சு தேவையற்றது. அவர்களுக்கு ஆபத்து எஞ்சின் புகை. காற்று உள்ளே போகும் வாய் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடு குழாயில் ஏறும்; 20 மீட்டரில் அதன் பகுதி அழுத்தம் மூன்று மடங்கு. உறிஞ்சும் வாயில் ஒரு குழாயை மாட்டி, காற்று வரும் திசையில் உயரமாகக் கட்ட ஆகும் செலவு மிகச் சொற்பம். படகு திரும்பும்போது காற்றின் திசையும் மாறும், அதைக் கவனிக்க மேலே ஒருவர் வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஆழமாக இறங்குபவர்களிடம் நிஜமான ஆக்சிஜன் சிலிண்டரும் இருக்கும். ஏறும் வழியில் 6 மீட்டரில் தங்கி, உடலில் கரைந்த வாயுக்களை வெளியேற்ற அது உதவுகிறது. கீழேயே தவறிப்போய் அதன் ரெகுலேட்டரை வாயில் வைத்தால் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் கலவை நிரப்பும் இடங்களில் ஒவ்வொரு சிலிண்டரையும் அனலைசரில் அளந்து, கழுத்தில் பட்டை ஒட்டி, ஆக்சிஜன் சதவீதம், எல்லை ஆழம், தேதி மூன்றையும் கொட்டை எழுத்தில் எழுதுகிறார்கள். உங்கள் செய்தியாளர் அடுத்த முறை அந்தப் பட்டையைப் படித்துவிட்டு எழுதட்டும். பட்டையே இல்லையென்றால், அதையும் எழுதலாம்.

— டைவிங் பயிற்றுநர் ஒருவர், தூத்துக்குடி