வேகத்தைப் பிறகு பேசலாம், முதலில் கிக்-ஆஃபைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் ரக்பி பேசுகிறவர்கள் குறைவு. ஆனால் பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார்கள். ஜப்பானின் அய்ச்சி-நகோயாவில் 2026 செப்டம்பர் 19 அன்று தொடங்கும் ஆசிய விளையாட்டுப் போட்டியை வைத்து, அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி செவன்ஸில் இந்தியா எதுவரை போகும் என்ற வாக்குவாதம் கோத்தகிரி, குன்னூர் டீக்கடைகளில் சூடாகவே நடக்கிறது. ஒடிசா, பீகார் பெண்களின் ஓட்டத்தைக் காட்டி, பெண்கள் அணிக்குப் பதக்கம் உறுதி என்கிறது ஒரு தரப்பு. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் கண்டி, ஹட்டன், நுவரெலியா பக்கமிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், "ஆம்பளைங்க ஆட்டத்துல சிலோன்காரன்தான் முன்னால" என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். மூன்றாவது தரப்புக்கு, 2025 ஜூனில் மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையைச் சென்னை புல்ஸ் தூக்கியதே போதுமான ஆதாரம்.

மூன்று பேச்சிலும் கிக்-ஆஃப், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதை, விட்டுப்போகிறது. செவன்ஸில் ஒரு அணியின் கதி பாதிக்கு மேல் அங்கேதான் தீர்மானமாகிறது என்பது எங்கள் கருத்து.

பதினைந்து பேர் ஆடும் ரக்பியில், புள்ளியைப் பறிகொடுத்த அணி பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும். செவன்ஸில் நேர்மாறு. ட்ரை போட்ட அணியே, அதாவது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்த அணியே உதைக்கும். பறிகொடுத்தவர்கள் அதைப் பிடித்தாக வேண்டும். ஆட்டமோ பாதிக்கு ஏழு நிமிடம், மொத்தம் பதினான்கே நிமிடம். ட்ரை போட்ட அணி தன் உதையைத் தானே எட்டிப் பிடித்துவிட்டால், எதிரணியின் கையில் பந்து படாமலே அடுத்த ட்ரையும் விழலாம். ட்ரையும் அதற்குப் பின்னான உதையும் சேர்ந்தால் 7 புள்ளி. 0-7 என்றிருந்தது இரண்டு நிமிடத்தில் 0-14 ஆகும். அடுத்த உதையும் போனால் 0-21. நூறு மீட்டரைப் பன்னிரண்டு விநாடியில் கடக்கும் வீராங்கனை அணியில் இருக்கலாம். பந்து வராதவரை அந்த வேகத்துக்கு வேலையே இல்லை.

இந்த உதை ஒரு டிராப் கிக். பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, அது எழும் கணத்தில் உதைக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து பத்து மீட்டராவது போக வேண்டும். எட்டாவிட்டாலும், தரையில் படாமல் நேராகப் பக்கக்கோட்டைத் தாண்டினாலும், உதைக்கும் அணியில் ஒருவர் பந்துக்கு முன்னால் ஓடிவிட்டாலும், நடுக்கோட்டின் மையத்தில் எதிரணிக்கு ஃப்ரீ கிக். நம்மவர்கள் பின்வாங்குவதற்குள் பந்தைக் காலால் தட்டி எடுத்துக்கொண்டு அவர்கள் ஓடியிருப்பார்கள்.

நல்ல உதை எது? பன்னிரண்டு முதல் பதினைந்து மீட்டர் தூரத்தில் விழ வேண்டும். காற்றில் இரண்டரை விநாடி நிற்க வேண்டும். அப்படி நிற்க, உச்சியில் ஏழரை மீட்டர் உயரத்தைத் தொட வேண்டும். அந்த இரண்டரை விநாடிக்குள், ஓடிவந்து கோட்டைக் கடக்கும் ஒருவரால் பந்தின் அடிக்கே போய் எகிற முடியும். ஒன்றரை விநாடியில் தட்டையாக வந்து விழும் உதையை எதிரணி நிதானமாகப் பிடித்துக்கொள்ளும். முன்னிலையில் இருக்கும்போது, கடைசி ஒரு நிமிடத்தில் மட்டும் முப்பது மீட்டர் ஆழத்துக்கு உதைப்பது புத்திசாலித்தனம். மற்ற நேரங்களில் அப்படி உதைப்பது பந்தைத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பதுதான்.

பிழை பெரும்பாலும் காலில் இல்லை, கையில்தான். பந்து தன் கூர்முனையில், உதைப்பவர் பக்கம் சற்றே சாய்ந்தபடி தரையைத் தொட வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் எழும்பும்போதே விலகிப்போகும். உதை சறுக்கிப் பக்கக்கோட்டை நோக்கிப் போகும். எவ்வளவு தாழ்வாகக் கையை இறக்கி விடுகிறாரோ அவ்வளவுக்குப் பிழை குறையும். ஈரத் தரையில் பந்து சரியாக எழும்பாது. காய்ந்த மைதானத்தில் பழகிய தாளத்திலேயே உதைத்தால், பாதம் பந்தின் நடுவில் படாமல் மேல்பாதியில் பட்டு உதை தாழ்ந்துவிடும். ஊட்டியில் ஜூன், ஜூலை மழையில் ஹெச்.ஏ.டி.பி. மைதானம் போன்ற இடங்களில் பந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிடிக்கும் பக்கம் இதைவிடச் சிக்கல். எகிறிப் பிடிப்பவரைக் கூட்டாளிகள் இருவர் தொடையில் பிடித்துத் தூக்கலாம். காற்றில் இருப்பவரை எதிரணி இழுக்கவோ தள்ளவோ கூடாது, செய்தால் பெனால்டி, பெரும்பாலும் அட்டையும் சேர்ந்து வரும். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் பந்து நழுவுவதற்குக் காரணம், "என் பந்து" என்று யாரும் குரல் கொடுக்காமல் இருவர் ஒரே பந்துக்குப் போவது. இன்னொரு காரணம், பிடிப்பவர் நெஞ்சைப் பந்துக்கு நேராகக் காட்டிக்கொண்டு நிற்பது. தோளைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால், தவறினாலும் பந்து பின்னால் விழும், ஆட்டம் தொடரும். நேராக நின்று தவறவிட்டால் முன்னால் விழும். அது நாக்-ஆன், எதிரணிக்கு ஸ்க்ரம், அதாவது இரு அணியினரும் தோளோடு தோள் பிணைந்து தள்ளிப் பந்தை எடுக்கும் முறை. செவன்ஸ் ஸ்க்ரமில் ஒரு பக்கம் மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள். மிச்சம் நான்குக்கு நான்கு, எழுபது மீட்டர் அகலத்தில். அங்கே பந்தோடு இருக்கும் அணியைத் தடுப்பது எந்த நாட்டுக்கும் கஷ்டம்.

அடுத்தது கன்வர்ஷன், அதாவது ட்ரைக்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கூடுதல் உதை. ட்ரைக்கு 5, கன்வர்ஷனுக்கு 2. செவன்ஸில் இதுவும் டிராப் கிக்தான். முப்பது விநாடிக்குள் உதைத்துவிட வேண்டும். ட்ரை போட்ட இடத்துக்கு நேர்கோட்டில்தான் உதைக்க முடியும். மூலையில் தரை தொட்டால் கோணம் சுருங்கிவிடும். தடுக்க ஆளே இல்லாதபோதும் மூலையிலேயே பாய்ந்து விழுந்து கைதட்டல் வாங்கும் ஆட்டக்காரர் அணிக்கு இரண்டு புள்ளியை நஷ்டமாக்குகிறார். வளைந்து ஓடி, கம்பங்களுக்கு அடியில் பந்தை வைப்பது பயிற்சியில் ஊறிப்போன அணிகளின் அடையாளம். உதையின் மதிப்பு பதினைவர் ஆட்டத்திலும் அப்படித்தான். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஒரே ஒரு ட்ரை விழுந்தது, போட்டது நியூசிலாந்து. கோப்பை போனதோ தென் ஆப்பிரிக்காவுக்கு, 12-11. நான்கு பெனால்டி உதைகளால் வந்தது அந்த 12. நியூசிலாந்து தன் ட்ரைக்கான கன்வர்ஷனைத் தவறவிட்டிருந்தது. காலிறுதியையும் அரையிறுதியையும்கூட ஒரே புள்ளி வித்தியாசத்தில்தான் தென் ஆப்பிரிக்கா கடந்தது: 29-28, 16-15.

ரக் பற்றி, அதாவது தரையில் விழுந்தவரின் பந்துக்காக இரு அணியினரும் நின்றபடி முட்டுவது பற்றி, சுருக்கமாக. விழுந்தவரின் பந்தைக் காக்க இரண்டு பேர் போனால் மிச்சம் நால்வர். ஒருவரே போய்த் தாழ்ந்து நின்று காக்கப் பழகிய அணி ஜெயிக்கும். டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து விழுத்துவது) தோளுக்கு மேலே போனால் மஞ்சள் அட்டை வரலாம், வந்தால் இரண்டு நிமிடம் வெளியே. பதினான்கு நிமிட ஆட்டத்தில் அது ஏழில் ஒரு பங்கு.

இனி டீக்கடைத் தரப்புகளுக்கு வருவோம். ஆண்கள் ஆட்டத்தில் சிலோன் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வது சரிதான். அங்கே ரக்பி பள்ளியிலேயே வேரூன்றியது. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் பிராட்பி கேடயத்துக்காக 1945 முதல் மோதுகின்றன. 2025-இல் ஆசியாவின் முதல் நிலைப் பதினைவர் போட்டியில் ஹாங்காங், தென் கொரியா, ஐக்கிய அரபு அமீரகத்தோடு ஆடிய நான்காவது அணி இலங்கை. ஆனால் பதக்கம் என்று வந்தால் இலங்கைக்கும் மேலே மலை இருக்கிறது. 2018 ஜகார்த்தா, ஹாங்சோவில் நடந்த அடுத்த ஆசியப் போட்டி, இரண்டிலும் ஆண்கள் தங்கம் ஹாங்காங்குக்கே. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்தைத் தோற்கடித்து நான்காம் இடம் பிடித்த ஜப்பான், இம்முறை சொந்த மண்ணில் ஆடுகிறது. இந்திய ஆண்கள் அணி முதல் எட்டுக்குள் நிலைத்தாலே நல்ல முடிவு என்போம்.

சென்னை புல்ஸ் கோப்பையைத் தேசிய அணியின் கணக்கில் எழுத வேண்டாம். எல்லா அணிகளிலும் வெளிநாட்டு நட்சத்திரங்கள் கலந்து ஆடிய லீக் அது. அவர்கள் பக்கத்தில் நின்று கிக்-ஆஃப் பிடிக்கக் கற்றுக்கொண்டது நம் ஆட்டக்காரர்களுக்கு லாபம். அந்த நட்சத்திரங்கள் நகோயாவில் நமக்காக உதைக்கப்போவதில்லை.

பெண்கள் அணி மீது எங்களுக்கு நம்பிக்கை அதிகம். 2018-இல்தான் பதினைவர் ஆட்டத்தில் முதன்முதலாக இறங்கிய அணி, மறு ஆண்டே மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. ஆனாலும் பதக்கம் உறுதி என்பதை ஏற்க மாட்டோம். ஹாங்சோவில் தங்கம், வெள்ளி, வெண்கலம் எடுத்தவை சீனா, ஜப்பான், ஹாங்காங். இந்த மூன்றில் ஒன்றையாவது வெல்லாமல் மேடை ஏற முடியாது. மூன்றுமே தன் உதையைத் தானே மீட்கத் தெரிந்த அணிகள். ஓட்டத்தில் நாம் அவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. உயரத்திலும் உதையிலும் சளைத்தவர்கள்.

தேசிய முகாமை மலையில் நடத்தினால் மூச்சு வளரும் என்று ஒரு யோசனையும் அடிபடுகிறது. மூச்சுக்கு நல்லதுதான். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே பழகிய உதை கீழே போனால் தூரம் சற்றே குறையும், பத்து மீட்டர் கோட்டை நெருங்கிவிடும். செப்டம்பர் நகோயாவில் புழுக்கமும் இருக்கும். உடம்பு அதற்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஆகவே முகாமை இங்கே முடித்துக்கொண்டு நேரே விமானம் ஏறக் கூடாது. கடைசி மூன்று வாரமாவது சமவெளியில், உதைப்பவர்களும் பிடிப்பவர்களும் தினமும் பழக வேண்டும்.

ஆட்டத்தைக் கைபேசியில் பார்க்கப்போகும் வாசகர்கள் ஒரு தாளில் கோடு போட்டுக்கொள்ளலாம். நாம் உதைத்தவை எத்தனை, அவற்றில் மீட்டவை எத்தனை. அவர்கள் உதைத்தவை எத்தனை, அவற்றில் நாம் பிடித்தவை எத்தனை. நாம் உதைத்ததில் மூன்றில் ஒன்றை மீட்டு, அவர்கள் உதைத்ததில் நான்கில் மூன்றைப் பிடித்தால் ஜப்பானோடும் ஆட்டம் இருக்கும். தங்கள் விளையாட்டுப் பக்கத்திலும் வெறும் ஸ்கோரோடு இந்த எண்ணிக்கையைச் சேர்த்து அச்சிட வேண்டுகிறோம்.

போட்டியைப் பார்த்துவிட்டு இங்குள்ள பையன்களும் பெண்களும் பந்தோடு இறங்குவார்கள். பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள் டேக்கிளை உடனே தொடங்க வேண்டாம். முதல் சில மாதம், தொட்டாலே டேக்கிள் என்று கொள்ளும் டச் ரக்பி போதும். பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கு நான்காம் எண் பந்து. நம் மைதானங்கள் பல ஒரு பக்கம் சரிந்தவை. சரிவை நோக்கி ஓடவிட்டு டேக்கிள் பழக்கவே கூடாது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்த காலையில் குதிகாலால் தரையை அழுத்திப் பாருங்கள், பதியாவிட்டால் வெயில் ஏறும்வரை ஆட்டம் வேண்டாம். தலையில் அடிபட்டவர் "ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்து நின்றாலும், அன்றைக்கு அவரை மறுபடி இறக்காதீர்கள். மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பந்து.

இப்படிக்கு,
ரக்பி ஆர்வலர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.