ஸ்பாவில் அன்று பந்தயம் நடக்கவே இல்லை

கார் பந்தயங்களை நடத்தும் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்ட் 29 அன்று ஸ்பாவில் நடந்ததாக உங்கள் பதிவேட்டில் இருக்கும் ஃபார்முலா ஒன் பந்தயமான பெல்ஜியம் கிராண்ட் பிரீ பற்றி எழுதுகிறேன். பழைய கதைதான். ஆனால் 2021 சீசன் என்றாலே எல்லோரும் சாம்பியன் பட்டத்தை முடிவுசெய்த அபுதாபியின் கடைசிச் சுற்றைப் பற்றியே பேசுகிறோம். ஸ்பாவை அப்படியே மறந்துவிட்டோம்.

அன்று நம்மூர் நேரம் மாலை ஆறரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தேன். மழை. ஆபத்தான நேரத்தில் எல்லோரையும் மெதுவாக அழைத்துப்போகும் சேஃப்டி காருக்குப் பின்னால் இரண்டு சுற்று போனார்கள், சிவப்புக் கொடி காட்டி நிறுத்தினீர்கள். அப்புறம் மணிக்கணக்காகக் காத்திருப்பு. திரையில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே காட்சி: சேறாகிவிட்ட புல்மேட்டில் மழைக்கோட்டோடு நிற்கும் கூட்டம், அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். அந்தக் குளிரிலும் அவர்கள் கையசைத்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு 9:47 ஆனபோது கார்கள் மறுபடி வெளியே வந்தன, அதுவும் சேஃப்டி காருக்குப் பின்னால்தான். சில சுற்றுகளில் மறுபடியும் சிவப்புக் கொடி. 44 சுற்றுப் பந்தயத்தின் முடிவை ஒரே ஒரு சுற்றின் கணக்கில் அறிவித்தீர்கள். வெர்ஸ்டாப்பன், ரஸ்ஸல், ஹாமில்டன் மூவரும் முதல் மூன்று இடக்காரர்களாக மேடையேறினார்கள். ஒருவர்கூட இன்னொருவரை முந்த முயலவில்லை, முயலவும் கூடாது. சேஃப்டி காருக்குப் பின்னால் அதுதானே விதி.

ஓட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மழை டயர் ஒன்று 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும் என்று டயர் தயாரிக்கும் பைரெல்லியே சொல்கிறது. பின்னால் வருபவருக்கு முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. முந்தின நாள், யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் தகுதிச் சுற்றில், அதே ஈரத்தில்தான் நோரிஸின் கார் ரெய்டியோன் என்ற மேட்டு வளைவில் சுவரில் மோதி நொறுங்கியது. 2019இல் அந்த மேட்டில்தான் இளம் ஓட்டுநர் அந்த்வான் ஹியூபெர் உயிரிழந்தார். நிறுத்தியது சரி. ஓடாத பந்தயத்துக்கு முடிவும் பாதிப் புள்ளிகளும் கொடுத்ததுதான் தப்பு.

பாதிப் புள்ளி புதிதல்ல என்பீர்கள். 1984 மொனாக்கோவில் மழை; முழுப் புள்ளி கிடைக்காத ப்ரோஸ்ட், கடைசியில் லவுடாவிடம் அரைப் புள்ளியில் பட்டத்தை இழந்தார். 1991 அடிலெய்டில் 14 சுற்றுக்கும், 2009 செப்பாங்கில் 31 சுற்றுக்கும் பாதிப் புள்ளிதான். ஆனால் அங்கெல்லாம் கார்கள் மோதிப் போட்டியிட்டன. எங்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்றும் உண்டு. 2005 இண்டியானபோலிஸில் மிஷலின் டயர் சிக்கலால் 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே பிட்டுக்கு, அதாவது அணிகளின் பராமரிப்பு இடத்துக்கு, திரும்பிவிட, மிச்சம் ஆறே கார்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். அதைக் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆறு பேரும் 73 சுற்றுப் பந்தயத்தைக் கடைசிவரை ஓட்டினார்கள். ஸ்பாவில் யார் ஓட்டினார்கள்?

பட்டம் மாறிவிடுமே என்ற பயமும் வேண்டாம். கணக்கு போட்டுப் பார்த்தேன். வெர்ஸ்டாப்பனின் 395.5இல் ஸ்பாவின் 12.5 போனால் 383. ஹாமில்டனின் 387.5இல் 7.5 போனால் 380. அப்போதும் சாம்பியன் வெர்ஸ்டாப்பன்தான். அணிகளின் பட்டியலில், ரஸ்ஸலின் வில்லியம்ஸ் அணி 10 புள்ளி இழந்து 13க்கு இறங்கும், ஆல்ஃபா ரோமியோ அணிக்குச் சமமாக. ஆனால் சமமானால் பந்தயங்களில் எடுத்த சிறந்த இடத்தைத்தான் பார்ப்பார்கள். ஹங்கேரியில் வில்லியம்ஸின் லடீஃபி எடுத்த ஏழாவது இடம் இருக்கிறது, அணிகளில் எட்டாம் இடம் வில்லியம்ஸிடமே நிற்கும். இதனால் யாருடைய சாம்பியன் பட்டமும் பறிபோகாது.

வலிக்கும் இடம் ஒன்று உண்டு, ரஸ்ஸல். சனிக்கிழமை அந்த மழையில் வில்லியம்ஸ் காரை இரண்டாம் இடத்தில் நிறுத்தியது அபாரமான சாதனை. அவருடைய முதல் மேடை 2022 மெல்போர்னுக்குத் தள்ளிப்போகும். ஆனால் அவர் ஜெயித்தது சனிக்கிழமையில். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு எதையும் கூட்டவில்லை.

பிறகு விதியை மாற்றினீர்கள். சேஃப்டி கார் இல்லாமல் குறைந்தது இரண்டு சுற்று ஓடினால்தான் புள்ளி என்று எழுதினீர்கள். நன்றி. ஆனால் 2022இல் ஜப்பானின் சுஸுகாவில் மழையால் 28 சுற்றே ஓடிய பந்தயத்துக்கு முழுப் புள்ளியா என்று உலகமே குழம்பியது, தான் சாம்பியனா இல்லையா என்று வெர்ஸ்டாப்பனுக்கே தெரியவில்லை. மறுபடி திருத்தினீர்கள். விதிப் புத்தகத்தை இரண்டு முறை திருத்த முடிந்த உங்களால், அந்தத் திருத்தங்களுக்குக் காரணமான முடிவை மட்டும் ஏன் திருத்த முடியவில்லை?

நான் கேட்பது இரண்டு. 2021 பட்டியலில் ஸ்பாவுக்கு நேராக ‘நடக்கவில்லை’ என்று எழுதுங்கள், புள்ளிகளை நீக்குங்கள். அந்தப் புல்மேட்டில் நனைந்த ரசிகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அன்றைக்கே ஹாமில்டன் சொன்னார். இனி ஒரு பந்தயம் இப்படி நின்றுபோனால் டிக்கெட் பணம் திரும்ப வரும் என்ற உத்தரவாதத்தை ஏற்பாட்டாளர்களின் ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். முடிவு என்று ஒன்றை அறிவித்துவிட்டால் பந்தயம் நடந்ததாகிவிடுகிறது, டிக்கெட்டுக்குப் பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை.

இப்படிக்கு,
அன்றிரவு கடைசிவரை டிவியை அணைக்காத ஒரு ரசிகன்