கிளினிக்கில் இந்த முறை நடந்தது

அன்பின் மச்சான்,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருப்பதால் சிறுபோகம் விதைத்தாயிற்று. உன் பெறாமகன் இன்னும் அந்த வேலியை அளந்துகொண்டுதான் இருக்கிறான். சரி, அதை விடு.

போன மாதம் போனில் நீ சொன்னது எனக்குள்ளேயே கிடக்கிறது. "விரலில் குத்திச் சீனி பார்க்கவே மனமில்லை, வாறது வரட்டும்" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்க்கிழமை சீனி கிளினிக். விடிய வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்துவிட்டு வாங்கில் இருந்தோம். வழமையாகத் தாதி மிஸ்ஸி வந்து சோற்றைக் குறை, நட என்று சொல்லிவிட்டுப் போவார். இந்த முறை கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னார். "இந்த வருத்தத்தோடு இருப்பதில் உங்களுக்கு ஆகக் கரைச்சலானது எது?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூலையில் இருந்த ஒரு அம்மா, கிளினிக் கொப்பியைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி, "சோத்துக் கோப்பையைக் கண்டாலே பயம், பிள்ளை" என்றார்.

அதோடு மடை திறந்துவிட்டது. ஒருவர் கலியாண வீடுகளுக்கே போவதில்லையாம். பலகாரத்தை நீட்டுகிறவர்களும் தொல்லை, தட்டிப் பறிக்கிறவர்களும் தொல்லை. இன்னொருவர் ஏச்சுக்குப் பயந்து கிளினிக்குக்கு இரண்டு நாள் முதலே அரைப் பட்டினி. எச்பிஏ1சி சோதனை இரத்தச் சீனியின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டிவிடும் என்று அவருக்குச் சொன்ன மிஸ்ஸி, ஏசவில்லை. "பயந்து பட்டினி கிடக்கிறீர்கள் என்றால் பிழை எங்களில்தான்" என்றார். மச்சான், இப்படி ஒரு சொல்லை நான் எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை.

உன் சலிப்பு சோம்பல் இல்லை. நீரிழிவு மன உளைச்சல் என்று அதற்கு மருத்துவத்தில் தனி இடமே உண்டு. 1995இல் அமெரிக்காவில் வில்லியம் பொலொன்ஸ்கியும் கூட இருந்தவர்களும் அதை அளக்கவென்றே 20 கேள்விகளை எழுதினார்கள். 100க்கு 40 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டாயம் கவனிக்க வேண்டுமாம். மனச்சோர்வு நோய் வேறு, இது வேறு. இரண்டும் சேர்ந்தும் வரலாம். கவலை கூடினால் கோட்டிசோல், அட்ரீனலின் என்ற ஹோர்மோன்கள் சுரந்து, ஈரலில் இருக்கிற சீனியை இரத்தத்துக்குள் விட வைக்கும். அதனால் நித்திரை இல்லாத இரவுக்கு அடுத்த நாள் எண் ஏறினால், அது நீ தின்றதால்தான் என்றில்லை.

அந்த அம்மா யார் தெரியுமா? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில், மகனின் படத்தோடு இருந்தவர். சீனியைக் குறைக்கிற கிளிக்கிளசைட் குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்து, சீனி மிக இறங்கி, வியர்த்து மயங்கி விழுந்திருக்கிறார். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடிக்க வேண்டும், 15 நிமிடத்தில் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும் என்று மிஸ்ஸி அவருக்கு விளங்கப்படுத்தினார். நல்லது. ஆனால் அதற்கு முதல் மகனைப் பற்றிக் கேட்டார். அதுதான் பெரிது. வன்னியில் அதைக் கேட்காமல் சோற்றைக் குறை என்று மட்டும் சொல்வது வைத்தியமே இல்லை என்பேன்.

கடைசியில் ஆளுக்கு ஒரு விசயத்தைத் தாங்களே தெரிவு செய்யச் சொன்னார். நான் பின்னேரம் வாய்க்கால் கட்டில் நடப்பதை எடுத்தேன். நீ சத்தியம் ஒன்றும் பண்ணவேண்டாம். உன் பரந்தன் சந்திச் சத்தியம் இன்னும் மறக்கவில்லை. கிழமையில் இரண்டு நாள் குத்து, போதும். எண்ணுக்குப் பக்கத்தில் முதல் நாள் நடந்ததையும் எழுது: நித்திரை இல்லை, மகளோடு சண்டை, எதுவென்றாலும். அந்தக் கொப்பியை டாக்டரிடம் நீயாகவே நீட்டு, அவர் கேட்கும்வரை இருக்காதே. மனம் அதற்கும் மேலே போய், இருந்தென்ன என்று தோன்றினால் உடனே எனக்கு அடி. நடுச்சாமம் என்றாலும் எடுப்பேன். 1926க்கும் அடிக்கலாம், அது மனநல உதவி இலக்கம்.

மனிசியை ஒருமுறை கூட்டிக்கொண்டு போ. வீட்டில் "தின்னாதே" என்பதைவிட வேறு எப்படிச் சொல்லலாம் என்று அவவும் கேட்கட்டும். முதல் எண் வந்ததும் எனக்கு எழுது. எவ்வளவு என்றாலும் ஏசமாட்டேன்.

அன்புடன்,
உன் மச்சான்